அடைமழையும் அடைபட்ட பிள்ளைகளும்



கார்த்திகை பிறந்து வானம் கறுத்துவிட்டால், மாலை வேளையில் நம் இல்லங்களில் எல்லாருடைய செவியும் ஒரே செய்திக்காகக் காத்திருக்கும். நாளை பள்ளிகளுக்கு விடுமுறை என மாவட்ட ஆட்சியர் அறிவித்தாரா, இல்லையா? அறிவித்துவிட்டாரென்றால் பிள்ளைகள் எழுப்பும் ஆரவாரம் தெருமுனை வரை கேட்கும். அதே நேரத்தில் அடுக்களை வாயிலில் நிற்கும் தாயின் முகத்தை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? நாளை பொழுதெல்லாம் வீட்டுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள், உலராத துணி, எந்நேரமும் நின்றுவிடக் கூடிய மின்சாரம், அது நின்றால் மேல்தொட்டிக்கு ஏறாத தண்ணீர், "பசிக்குது" என்று மணிக்கொரு முறை எழும் குரல். இவ்வளவையும் அவள் அந்த ஒரு கணத்திலேயே எண்ணி முடித்துவிடுகிறாள்.

அடைமழை என்பது எத்துணைப் பொருத்தமான சொல்! விடாது பெய்யும் மழை என்றே அகராதி பொருள் கூறும். ஆயினும் நம் செவிக்கு அது மனிதரை வீட்டுக்குள் அடைத்துப்போடும் மழையாகவே ஒலிக்கிறது. கோழி அடைகாப்பதும் உடன் நினைவுக்கு வருகிறது. அத்தகைய நாளில் தோசைக்கல்லில் வார்க்கப்படும் அடையும் நினைவுக்கு வராமற்போவதில்லை. (அடை விஷயத்தில் நமக்குச் சற்றுப் பற்று அதிகம். வாசகர்கள் பொறுத்தருள்க.)

இந்த அடைபடுதல் நமக்குப் புதிதன்று. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கிறது. நம் செங்கற்பட்டுக் கடற்கரையோ புயல்களின் பாதையிலேயே படுத்துக் கிடக்கிறது. 2015-ஆம் ஆண்டில் நவம்பரும் டிசம்பர் தொடக்கமும் பள்ளி திறந்த நாட்களைவிட மூடிய நாட்களே மிகுதி எனும்படி ஆயிற்று; அரையாண்டுத் தேர்வே 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. 2016 டிசம்பர் 12-இல் வர்தா. 2022 டிசம்பரில் மாண்டஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல்; மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. இத்தனைக்குப் பின்னரும் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ எதிர்பாராத விருந்தாளி வந்து கதவைத் தட்டினாற் போலவே நாம் பதறுகிறோம்.

நாம் சொல்ல வந்தது நம்முடைய பிழை ஒன்றைப் பற்றியது. ஆகவே மாண்டஸ் புயலின் நாளுக்கு வாசகர்களை அழைத்துச் செல்கிறோம்.

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. அன்றிரவு புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடக்கும் என்று வானிலைத் துறை அறிவித்திருந்தது. நோயுற்ற முதியவர் ஒருவருக்கு நற்கருணை வழங்கும்பொருட்டு நாம் காலையிலேயே அணுபுரம் குடியிருப்புக்குச் சென்றிருந்தோம். கல்பாக்கத்து அணுசக்தி நிலையங்களில் பணிபுரிவோருக்காக அமைந்த ஊர் அது. இந்தியாவின் பல மாநிலத்தாரும் ஒரே மாடிப்படியை மிதித்து ஏறி இறங்குகின்ற ஊர். திரும்புகையில் படியருகே ஓர் இளம் தாய் நம்மை நிறுத்தினாள். கணவருக்கு அன்று இரவுப் பணி. புயல் என்பதற்காக அத்தகைய நிலையங்களில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட இயலாதன்றோ! வீட்டில் ஆறு வயது மகனும் மூன்று வயது மகளும்.

"புயல் வந்தா என்ன ஆகும்னு பையன் காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கான், ஃபாதர். என்ன சொல்றது?"

"ஒன்றும் ஆகாது என்று சொல்லம்மா. பிள்ளையை வீணாகப் பயமுறுத்தாதே. ஜெபமாலை சொல்லிவிட்டு நேரத்தோடு படுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். மழை வலுக்குமுன் பங்கு இல்லம் சேர வேண்டுமே என்ற அவசரம் நமக்கு. அறிவுரை கேட்டவளைவிட அறிவுரை சொன்னவருக்கே அன்று அமைதி மிகுதியாயிருந்தது.

நள்ளிரவையொட்டிப் புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 65 முதல் 75 கி.மீ. வேகம், இடையிடையே 85 கி.மீ. வரை. கடலோரத்தார் இதைவிடக் கடுமையான புயல்களைக் கண்டவர்களே. ஆயினும் அடைத்த சன்னலுக்குள் இருட்டில் இரண்டு குழந்தைகளோடு தனியே அமர்ந்திருப்பவளுக்குக் காற்று எத்தனை கி.மீ. என்பதா கணக்கு?

மூன்றாம் நாள் ஞாயிறு. திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்தபின் அவள் வந்தாள். அவள் கூறியதை இங்கு எழுதுகிறோமே என்று எவரும் ஐயுற வேண்டா. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. ஆலய முகப்பில் நின்று பேசியது. "பேரைச் சொல்லாம எழுதுங்க ஃபாதர், நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று பின்னர் அவளே இசைவும் தந்தாள்.

இரவு பத்து மணியளவில் மின்சாரம் நின்றது. வெளியே வேப்பங்கிளை ஒன்று முறிந்து விழுந்த ஓசை. மகள் அழத் தொடங்கினாள். அவளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கையில், மகன் ஓசைப்படாமல் எழுந்து சென்று மாடி முகப்பின் கதவைத் திறந்துவிட்டான். காற்று கதவைப் பிடுங்கிச் சுவரில் அறைந்தது. அவள் ஓடிச் சென்று கதவைச் சாத்தினாள். சாத்திய கையோடு பிள்ளையை அடித்தாள். ஓர் அடி அன்று, பல அடி. இதற்கு முன் ஒருநாளும் அப்படி அடித்ததில்லையாம்.

பையன் அழுகைக்கிடையே சொன்னது இதுதான்: "நீதானே ஒண்ணும் இல்லைன்னு சொன்னே! ஒண்ணும் இல்லைன்னாத்தானே நான் திறந்தேன்!"

அவள் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டாள்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் கல்பாக்கத்துக் குடியிருப்புக்குள் புகுந்த கதையை இந்தப் பகுதியில் அறியாதார் இல்லை. அன்று அவள் அங்கே பத்து வயதுச் சிறுமி. தந்தை அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஒரு காற்செருப்பு நீரோடு போயிற்று. அந்தச் செருப்பை இன்றளவும் மறக்கவில்லை என்றாள். "எங்கப்பாவும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னு சொல்லிக்கிட்டேதான் ஓடினார், ஃபாதர். அவர் நெஞ்சு அடிச்சுக்கிட்டது எனக்குக் கேட்டுது. அதனால ஒண்ணுமில்லைன்னு யார் சொன்னாலும் எனக்கு உள்ளுக்குள்ள நடுங்கும். எம் பிள்ளைக்கு நானும் அதையே சொன்னேன்." சற்று நிறுத்தி, "நீங்களும் அதையேதான் சொல்லச் சொன்னீங்க" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. நமக்குத்தான் மறுமொழி எழவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றோம். ஆறு வயதுப் பிள்ளைக்குப் புயலைப் பற்றி என்ன சொல்வது என்பதற்குப் பாடம் இருந்ததில்லை.

அன்று பிற்பகல் முழுதும் வேறொரு காட்சியே நம் நினைவில் மீண்டும் மீண்டும் எழுந்தது. புயலுக்கு முந்தைய நாள், வியாழனன்று, சதுரங்கப்பட்டினத்துக்கு அருகிலுள்ள மீனவர் குப்பம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வலையின் மிதவைகளை எண்ணிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குடிசை வாயிலில் பாட்டி ஒருத்தி பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாளைக்கு ராவுல காத்து பெருசா ஊதும். கூரை பறந்தாலும் பறக்கும். அதுக்கு முன்னாடி நாம பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்குப் போயிடுவோம். நான் அரிசியும் சட்டியும் எடுத்துக்குவேன். கோழி ரெண்டும் உன் பொறுப்பு." பையன் மிகுந்த முக்கியத்துவத்தோடு தலையை ஆட்டினான். புயல் கடந்தபின் விசாரித்தோம். கூடையைக் கவிழ்த்துக் கோழிகளை உள்ளே வைத்து, கூடையின்மேல் ஒரு கையைப் போட்டபடியே அவன் இரவு முழுதும் அயர்ந்து உறங்கினானாம்.

குப்பத்து வாழ்வைப் புகழ்ந்து பாடுவது நம் எண்ணமன்று. கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அங்கே அடுப்பில் தெரியும். ஒரு வார வருவாய் போவதும், படகு உடைவதும், கூரை போவதும் கதைக்கு அழகூட்டும் பொருள்கள் அல்ல. ஆனால் அந்தப் பாட்டி பேரனிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லவில்லை. வரப்போவதை வந்தவாறே சொன்னாள். சொன்னதோடு கையில் ஒரு வேலையையும் கொடுத்தாள். அஞ்சுகின்ற பிள்ளைக்கு இவ்விரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன போலும். உண்மையை மட்டும் சொல்லிவிட்டு ஒரு மூலையில் உட்கார் என்றால் அவன் நடுங்குவான். வேலையை மட்டும் கொடுத்து ஏனென்று சொல்லாவிட்டால் சலித்துப்போவான்.

நம்மோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் சில ஆண்டுகள் காஷ்மீரில் பணிபுரிந்தவர். இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "நீங்கள் இரண்டு நாள் மழைக்கே இப்படி என்றால், அவர்கள் மாதக்கணக்கில் அடைபடுகிறார்களே" என்றார். டிசம்பர் 21-ஆம் தேதி அங்கே 'சில்லை கலான்' எனப்படும் கடுங்குளிர்க்காலம் தொடங்குகிறது. நாற்பது நாட்கள். அதன்பின் இருபது நாட்கள், பின்னும் பத்து நாட்கள் என்று குளிர் படிப்படியாக இறங்குமாம். பள்ளிகளுக்கு நீண்ட குளிர்கால விடுமுறை. ஆனால் அந்த வீடுகள் பனிக்குக் காத்திருப்பது டிசம்பரில் அன்று, கோடையில். கத்தரிக்காயையும் சுரைக்காயையும் தக்காளியையும் அரிந்து நூலில் கோத்து வெயிலில் காயவைப்பார்கள். கோப்பதில் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. பனி மூடிய நாளில் அந்தச் சரத்திலிருந்து எடுத்துச் சமைக்கையில், "இது நான் கோத்தது" என்று சொல்ல ஒரு பிள்ளை வீட்டில் இருக்கும். ஃபெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் கனலிருக்கும் காங்கிரிச் சட்டியை எப்படிக் கவிழாமல் பிடிப்பதென்றும் சிறு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்களாம். தீயை மறைப்பதில்லை, கையாளக் கற்பிக்கிறார்கள்.

நம் தாய்க்கோ இதைவிட அண்மையில் ஓர் ஆசிரியை கிடைத்தாள். அவளுடைய அக்காள் கனடாவில், டொரொண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வாழ்கிறாள். தமிழர் பெருந்தொகையினராய் வாழும் பகுதி அது. தங்கை புயல் கதையைத் தொலைபேசியில் சொல்லி அழுதபோது, அக்காள் அந்த ஆண்டு ஜனவரியில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னாளாம். கிறிஸ்துமஸ் விடுமுறையோடு பெருந்தொற்றுக் கட்டுப்பாடும் சேர்ந்து பிள்ளைகள் வாரக்கணக்காய் வீட்டில். 2022 ஜனவரி 17, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது என்று தாய்மாரெல்லாம் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திங்களன்று பார்த்து, நகரின் சில இடங்களில் அரை மீட்டருக்கும் மேலாகப் பனி கொட்டியது! பள்ளிகள் திறக்கவில்லை. அக்காளும் அன்று அழுதிருக்கிறாள். பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு சிறிய பனிவாரியைக் கொடுத்து, வாசற்படி மூன்றையும் அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டாளாம். வாரியதைவிட ஒருவர்மேல் ஒருவர் இறைத்ததே மிகுதி. ஆயினும் மாலையில், "எங்க படி" என்று அண்டை வீட்டாரிடம் காட்டினார்களாம்.

அடுத்த ஆண்டு, 2023 டிசம்பர் தொடக்கத்தில், மிக்ஜாம் வந்தது. இம்முறை அவள் மகனை அழைத்து உட்காரவைத்து, வங்காள விரிகுடாவைக் காகிதத்தில் வரைந்து கொடுத்திருக்கிறாள். செய்தியில் புயல் எங்கே நிற்கிறதென்று சொல்லச் சொல்ல, அவன் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். பலத்த காற்று வரலாம், மரம் விழலாம், மின்சாரம் நிற்கும், கதவை நான் சொல்லும் வரை திறக்கக் கூடாது, ஏனென்றால் போன முறை என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும் என்று ஒளிக்காமல் சொன்னாள். அம்மாவுக்கும் பயமுண்டு என்பதையும் சொன்னாள். சுனாமியன்று செருப்பு போன கதையைச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னொரு செருப்பை என்ன செஞ்சே?"

கைவிளக்கும் அதன் மின்கலமும் மகன் பொறுப்பு. குடங்களில் நீர் நிரம்பிவிட்டதா என்று எட்டிப்பார்த்துச் சொல்வது நான்கு வயது மகளின் பொறுப்பு. அவள் நிரம்பிய குடத்தையும் நாலு முறை எட்டிப்பார்த்தாள். தீப்பெட்டியும் மெழுகுவர்த்தியும் மட்டும் தாயின் கையில். மழை இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. புயலின் புள்ளியோ நம் கரையைத் தொடாமல் வடக்கே நகர்ந்து, டிசம்பர் 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே போய்ச் சேர்ந்தது. பையன் கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டானாம்.

ஆந்திரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எதிர்வீட்டில் தெலுங்குக் குடும்பம். இரு வீட்டுப் பெண்களும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் இரண்டு மணி நேரம் எல்லாப் பிள்ளைகளும் ஒரு வீட்டில், பிற்பகலில் மற்ற வீட்டில். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருத்தி உறங்கலாம், துணி உலர்த்தலாம், அல்லது சும்மா அமர்ந்திருக்கலாம். அங்கே தெலுங்குப் பாட்டி சோழி உருட்டி அஷ்டாசெம்மா கற்றுக்கொடுக்க, இங்கிருந்து போன பிள்ளைகள் "இது எங்க தாயம்" என்று வாதிட, கட்டம் வரைந்து ஒத்துப் பார்த்ததில் இரண்டும் உடன்பிறந்த ஆட்டங்களே என்று தெரியவந்தது. கைபேசியின் மின்கலம் தீர்ந்தபின்னர்தான் இந்த ஆராய்ச்சியெல்லாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் செவ்வையாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். மூன்றாம் நாள், மின்சாரம் இன்னும் வராத நிலையில், பால் பொங்கி அடுப்பு அணைந்தபோது அவள் வாய்விட்டுக் கத்தியிருக்கிறாள். "அடிக்கலை ஃபாதர், கத்தினேன்" என்று நம்மிடம் கூறினாள். கணவர் அவ்வேளையில் இரவுப் பணி முடிந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

தந்தையரே, உங்களிடம் ஒரு சொல். இரவெல்லாம் விழித்துப் பணிபுரிந்தவர் பகலில் உறங்கத்தான் வேண்டும். அதை எவரும் குறைகூறார். ஆனால் விழித்தெழுந்த பின்? புயல் நிலவரம் கேட்பதும், நண்பர்களோடு அதைப் பற்றிப் பேசுவதும், சன்னலருகே நின்று மழையை மதிப்பிடுவதுமே ஆண்மக்களின் பணி என்று நம் வீடுகளில் யார் விதித்தார்? மனையாளை ஒரு மணி நேரம் கதவைச் சாத்திப் படுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தாமே வைத்துக்கொண்ட ஒரு தந்தையை நாம் அறிவோம். அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குத் தாயத்தில் நான்கு தோல்வி. வெளியே வந்த மனைவி வேறு மனுஷியாக வந்தாள் என்றார்.

பிள்ளைகள் தெருநீரில் காகிதக் கப்பல் விட ஆசைப்படுவார்கள். வாசற்படியோடு நிறுத்துங்கள். அறுந்த மின்கம்பி எங்கே கிடக்கிறதென்று தண்ணீர் சொல்லாது. இதையும் "போகாதே" என்று மட்டும் சொல்லாமல், ஏனென்று சொல்லுங்கள். அறியாமல் கதவைத் திறந்த பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது அவர்கள் வீட்டுக்கும் போனோம். முன்னறையில் குடில். புயலுக்கு முதல் நாள், வெளியே போக வழியின்றிப் பிள்ளைகள் கொட்டாங்கச்சிகளில் கேழ்வரகு விதைத்திருக்கிறார்கள். குடிலுக்குப் பசுமை வைக்கப் பத்து நாள் முன்பு விதைத்தால் போதும். இவர்களோ மூன்று வாரம் முன்பே விதைத்துவிட்டார்கள். பயிர் நெடுநெடுவென்று வளர்ந்து, ஆடுகளின் காது மட்டுமே மேலே தெரிந்தது. இடையன் ஒருவனைக் காணவேயில்லை.

"என்னப்பா, இது குடிலா, காடா? கொஞ்சம் வெட்டிவிடக் கூடாதா?" என்று கேட்டோம்.

பையன் நம்மை ஏற இறங்கப் பார்த்தான்.

"வெட்ட மாட்டேன் ஃபாதர். இது புயல்ல வளர்ந்தது."